வித்துடவா என்று கேட்ட அக்கா

வங்கியில் அவருக்கு 'முட்டுக்கட்டை' என்று பட்டப்பெயர். கொடுத்த கடன் திரும்புமா, திரும்பாதா என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தார்.

அந்த வாரம் ஒரு காகித ஆலைக்குப் போனார். வங்கியின் ஆகப் பெரிய கடன்களில் ஒன்று அங்கே இருந்தது. கடனுக்கு ஈடாகக் காட்டிய கிடங்கில் கூரை உயரத்துக்குக் காகித உருளைகள். முன்வரிசையை நகர்த்தச் சொன்னார். பின்னால் வெறும் அட்டைக் குழாய்களை அடுக்கிவைத்திருந்தார்கள். ஆலை மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இது வாராக் கடன் என்று அவர் அறிக்கை எழுதினார். அந்த இழப்பை லாபத்தில் கழித்தால் பங்குதாரர்களுக்கு அந்த வருடம் ஈவுத்தொகை கிடையாது. பங்கு விலையும் தலைகுப்புற விழும்.

வங்கியின் பொது மேலாளர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மூணு மாசம் தள்ளிப்போடுங்க. புதுசா கொஞ்சம் கடன் குடுத்து, பழைய வட்டிய அதுலயே கழிச்சுக்கலாம். பங்குதாரருங்க வயித்துல ஏன் அடிக்கறீங்க?"

"மூணு மாசத்துல ஓட்டை இன்னும் பெருசாகும் சார். அப்ப விழற அடிய யாரும் தாங்க முடியாது."

அறிக்கையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வங்கியின் இயக்குநர்கள் கூடி அதை வெளியிடுவதற்குப் பத்து நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். அத்தான் இறந்தபோது அவர் கம்பெனியில் கொடுத்த பணத்தையெல்லாம், தம்பி வேலை பார்க்கிற வங்கி என்பதற்காகவே அதன் பங்குகளில் போட்டிருந்தாள்.

"விலை நல்லா ஏறியிருக்காம்டா. பொண்ணு படிப்புக்குக் கட்டணும். இப்பவே வித்துடவா, அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

வித்துடு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெளியே தெரியாத செய்தி அது. சொன்னால் குற்றம்.

"அதப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாதுக்கா."

"ஆமா, பெரிய ரகசியம்," என்று அவள் சிரித்தாள். "நீ இருக்கற எடம். கெட்டா போயிடும்?"

அவள் விற்கவில்லை. செய்தி வெளியான இரண்டே நாளில் பங்கு பாதி விலைக்கு இறங்கியது. படிப்புக்குக் கெடு நெருங்கியதால் அந்த விலைக்கே விற்றாள். நஷ்டத்தை ஈடுகட்ட அவர் பணத்தோடு போனபோது அதைக் கையால் தள்ளிவிட்டாள்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் கேட்டேனேடா."

"சொல்லியிருந்தா, உங்கிட்டேருந்து வாங்கினவன் ஏமாந்திருப்பான்க்கா."

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் உன்கூடப் பொறந்தவ."



மறுவருடம், அதே ஆலைக்குக் கடன் கொடுத்துவிட்டு இழப்பை மூடி மறைத்த வேறொரு வங்கி முழுகிப்போனது. இவர்கள் வங்கியின் பங்கு பழைய விலையைத் தொட்டது. பொது மேலாளரே வந்து கைகுலுக்கினார்.

அக்கா வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், ஊர்க்கதை பேசுவாள். ஆனால் வீடு மாறியதையும் முழங்காலுக்கு அறுவைசிகிச்சை செய்துகொண்டதையும், எல்லாம் முடிந்த பிறகு அவள் மகள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.