கொடுத்தது அத்தை, முதுகு மாமாவுடையது

என் மாமியார் ஒரு மகான் என்பது அவர் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. உயிரோடு இருந்தவரை அவர் எங்களுக்கு ஒரு பாதுகாப்புப் பிரச்சினை.

ஒரு பொருளை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் அது வேறொருவர் வீட்டில் இருக்கும். விடிந்ததும் அத்தை கண்ணை மூடி உட்காருவார். யாருக்கு என்ன தேவை என்று கடவுள் அவர் காதில் போடுவாராம். ஆரம்பத்தில் அத்தையின் பொருள்களைத்தான் கடவுள் கேட்டார். அதைக் குறை சொல்ல முடியாது. நல்ல சேலை, கம்பளி, கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகப் போய், அவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் கடவுள் எங்கள் பக்கம் திரும்பினார். என் மழைக்கோட்டு மழைக்காலத்தின் நடுவில் போயிற்று. என் மனைவியின் மிக்ஸி, கழுவிக் கவிழ்த்த ஈரம் காயுமுன் போயிற்று.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"கேட்டா நீ தரமாட்டியேடி" என்பார் அத்தை, ஏதோ மகளைப் பாவத்திலிருந்து காப்பாற்றியவர்போல.

மாமா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை அவருக்கு மிச்சம் வைத்தது, எதற்கும் வளையாத ஒரு முதுகை. படுத்தால் வலி, சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் அதைவிட வலி. ஒரு தச்சர், மாமாவைச் சுவரோரம் உட்காரவைத்து முதுகை அளந்து, நெட்டுக்குத்தான சாய்மானமும் அகலக் கைகளும் வைத்து ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். அன்றிலிருந்து மாமா அதில்தான் சாப்பிட்டார், அதில்தான் தூங்கினார், அதிலிருந்துதான் செய்தித்தாளைத் திட்டினார்.

அத்தை நோயில் விழுந்தபோது பிரார்த்தனை மண்டபத்துத் தலைவர் பார்க்க வந்தார். "சுருக்கமாகச் சொன்னால்" என்று ஆரம்பித்துக் காபி ஆறிப் பால் ஏடு கட்டும்வரை பேசக்கூடியவர் என்பதால் ஊரில் அவருக்குச் சுருக்கம் என்றே பெயர். சேவை செய்து செய்து தன் இடுப்பே போய்விட்டதாக அன்று சொன்னார். அவ்வளவுதான். மறுநாள் மாமா அத்தைக்கு மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், நாற்காலி சரக்கு ஆட்டோவில் ஏறி மண்டபத்துக்குப் போய்விட்டது.

மாமா திரும்பி வந்து, கையில் மாத்திரைப் பையோடு அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நோயாளியிடம் கத்தமுடியுமா?

"எழுந்து நடமாடட்டும் மாப்பிள்ளை, வச்சுக்கறேன்" என்றார் என்னிடம்.

அத்தை எழுந்திருக்கவில்லை. மாமா சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். சண்டை அவர் தொண்டையிலேயே நின்றது.

இந்த நிலையில்தான் மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் மாலை போட்ட அத்தையின் படம். பக்கத்தில் மாமாவின் நாற்காலி. அதில் சுருக்கம், காலை நீட்டிச் சாய்ந்து. மாமாவுக்கு முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்திருந்தார்கள். அதன் ஒரு கால் மற்ற மூன்றோடு ஒத்துப்போகவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க போய்க் கேளுங்களேன். நாலு எழுத்துப் படிச்சவர் நீங்க."

"துக்கக் கூட்டத்துல நாற்காலியைத் திருப்பிக் கேக்கறதா மாமா? காறித் துப்புவாங்க."

சுருக்கம் எழுந்து மைக்கைப் பிடித்தார். "சுருக்கமாகச் சொன்னால், அந்த அம்மையார் ஒரு வற்றாத நதி. கேட்டவர்க்கு இல்லை என்ற சொல்லை அவர் நாவு அறியாது. இதோ, இந்த ஆசனம்! அவரது தியாகத்தின் சின்னம். இதில் அவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, இம்மண்டபத்தில் நிரந்தரமாக…"

நிரந்தரம் என்ற சொல்லில் மாமா எழுந்துவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினார். கணவர் உருகிப் பேசப்போகிறார் என்று சுருக்கம் பெருந்தன்மையாக மைக்கை நீட்டினார்.

மாமா கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் படத்தைப் பார்த்தார்.

"ஏண்டி, உனக்கு மாத்திரை வாங்கத்தானே போனேன்? ஊர் சுத்தவா போனேன்? அந்த நேரம் பாத்தா தூக்கிக் குடுப்பே? எவனுக்கோ இடுப்பு வலின்னா உருகறே. உன் பக்கத்துல கெடக்கிறவன் முதுகு கண்ணுக்குத் தெரியலையா?"

 பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். அவர் வீட்டில்தான் எங்கள் மிக்ஸி இருக்கிறது.

"ஐயா துக்கத்தில் தடுமாறுகிறார்" என்றார் சுருக்கம்.

"தடுமாறலைங்க. கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாதவள்னு இவ்வளவு நேரம் நீங்கதானே சொன்னீங்க? நான் கேக்கறேன். என் நாற்காலியைக் குடுங்க."

"அது இப்போது மண்டபத்தின் சொத்து. செயற்குழு கூடி, தீர்மானம் போட்டு…"

அத்தையின் தங்கை முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "எங்கக்கா குடுக்கறப்போ குழு கூட்டிக்கிட்டா இருந்தா? உக்காருங்க அத்தான், என்ன பண்ணிடுவாங்கன்னு பாப்போம்!"

மாமா உட்கார்ந்தார்.

மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்ட கணவனை எழுப்புவதற்கு எந்தச் செயற்குழுவிலும் விதி கிடையாது.  யாரோ அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை மேடைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அதில் ஆடிக்கொண்டே சுருக்கம் தியாகத்தைத் தொடர்ந்தார். வற்றாத நதியில் பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டார், மைக்கில் வேறொரு சத்தம் கலந்தது. மாமா குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

என் மனைவி எழுப்பப் போனாள். சித்தி அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"தூங்கட்டும்டி. எத்தனை நாளாச்சோ."

நன்றியுரையைக் கிசுகிசுத்துச் சொல்லி முடித்தார்கள். மண்டபம் காலியானபின் மாமா கண் விழித்து, படத்தை ஒருமுறை முறைத்துவிட்டு, "தூக்குங்க மாப்பிள்ளை" என்றார். என் மனைவி படத்தை எடுத்துக்கொண்டாள். நாற்காலிக்கு ஒரு பக்கம் நான். மறுபக்கம் பிடிக்க ஆளில்லாமல் சுருக்கத்தைக் கூப்பிட்டேன். சேவை செய்து போன இடுப்பு என்றாலும், நன்றாகவே தூக்கினார்.

வீட்டில் பழைய இடத்திலேயே நாற்காலியைப் போட்டு, மாமா உட்கார்ந்து, கழுத்துக்கு வைக்கத் தலையணை கேட்டார். என் மனைவி அலமாரியைத் திறந்தாள். அங்கே ஒன்றுகூட இல்லை.

மாமாவின் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"அந்தப் படத்தை இப்படித் திருப்பி வைங்க மாப்பிள்ளை" என்றார். "இன்னும் பேசவேண்டியது இருக்கு."