எடில்பெர்த்தோவின் வசதியான தலைவலி

எடில்பெர்த்தோவின் தலைவலியை எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நானும்தான். நின்றால் வரும், படுத்தால் போய்விடும். பாத்திரம் கழுவ எழுந்தால் மண்டை பிளக்கும். கயிற்றுத் தூளியில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் ரேடியோவோடு சேர்ந்து பாடுவான். இத்தனை வசதியான வியாதி நமக்கு வாய்க்கவில்லையே என்று எங்கள் பாரன்கியா ஊரில் பாதிப் பேர் ஏங்கியிருப்பார்கள்.

இடுப்புப் பக்கம் முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து நன்றாக நடந்து வந்தவன். வந்த புதிதில் தலைவலி என்ற பேச்சே இல்லை. கார்னிவல் திருவிழா நெருங்குகிறது, வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடி என்று மனைவி நூபியா சொன்ன பிறகுதான் வந்தது.

நூபியாவின் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. போன கார்னிவலில் பல்வலி என்று கன்னத்தில் துணி கட்டிப் படுத்தவன், நீள மூக்கு முகமூடி மாட்டிக்கொண்டு அடுத்த பேட்டையில் ஆடினான். செருப்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்தது நான். நூபியாவிடம் சொன்னதும் நான்.

"இந்தத் தடவையும் பொய்னா, பக்கத்து ஊர் சோலெதாதுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்," என்று பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள்.

நான் கோழி சூப்போடு நலம் விசாரிக்கப் போனேன்.

"சோய்லாக்கா, சூப்பு குடுக்க வந்தீங்களா, வேவு பாக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் தம்பி. எந்திரிச்சு உக்காந்து குடி."

"படுத்துக்கிட்டே குடிக்கிறேன். உறிஞ்ச ஒரு குழாய் இருந்தா குடுங்க."

நூபியா என்னைப் பார்த்தாள். 'பார்த்தீர்களா' என்று அர்த்தம்.

அப்போது எங்கள் பேட்டை ஆட்டக்குழு ஒத்திகைக்காக மேளத்தோடு தெருவில் திரும்பியது. மேளம் கேட்டு எடில்பெர்த்தோ படுத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. எழுந்தான். வாசலுக்குப் போய்க் கதவுச் சட்டத்தில் தாளம் போட ஆரம்பித்தான். நூபியா பையை எடுத்தாள்.

தாளம் நின்றது. அவன் முகம் மாவு பூசியது போல் வெளுத்தது. பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு செடித்தொட்டியில் வாந்தி எடுத்தான்.

"காதெல்லாம் அடைக்குது, நூபியா."

"நடி, நடி. இந்த வருஷம் முகமூடி கூட வேண்டாம்."

அவன் குனிந்திருந்ததால் முதுகு என் கண்ணில் பட்டது. எங்கள் ஊர் வெயிலில் யார் முதுகு நனைந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இவன் காலையிலிருந்து மின்விசிறிக்கு அடியில் கிடந்தவன். காலர் காய்ந்திருந்தது, அக்குள் காய்ந்திருந்தது. பெல்ட்டுக்கு மேலே, தையல் போட்ட இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். என் மூக்கு நுழையாத இடத்திலும் என் விரல் நுழையும். தொட்டுப் பார்த்தேன்.

"நூபியா, இது வேர்வை மாதிரி இல்லடி. பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

அவளும் தொட்டாள். "தினம் இந்த இடம்தான் ஈரமா இருக்கும். வேர்வைன்னு நெனச்சு நானே துவைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேனே," என்றாள். பை கீழே விழுந்தது.

டாக்ஸியின் பின்சீட்டில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தபடியே போனான். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறையில் சின்னக் கிழிசல் என்றார் டாக்டர். ஆபரேஷனில் மெலிந்த இடம் இருமலிலோ தும்மலிலோ பிறகு கிழிந்திருக்கலாம். மூளையைத் தாங்குகிற நீர் அதன் வழியே கசிகிறது. அதனால்தான் நிமிர்ந்தால் வலி, படுத்தால் நிம்மதி. இன்னும் விட்டிருந்தால் கிருமி ஏறி உயிருக்கே ஆபத்தாகியிருக்குமாம்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார் டாக்டர்.

"சொன்னேன் டாக்டர். தெருவுக்கே சொன்னேன்."

நூபியா தரையைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

உறையைத் தைத்து மல்லாக்கப் படுக்கப் போட்டார்கள். கார்னிவல் அவனில்லாமலே முடிந்தது. வீடு திரும்பியபோது நூபியா பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கியிருந்தாள். அதற்குப் பிறகு அவனிடம் அவள் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம், இனித் தாராளமாக வேலை செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே கதவு பெயிண்ட் பேச்சு வந்தது.

"தலை வலிக்குது, நூபியா," என்று முனகினான்.

அவள் அவனுக்குப் பின்னால் போய்ச் சட்டைக்குள் கைவிட்டு இடுப்பைத் தடவினாள். உலர்ந்திருந்தது. அதே கையால் பிரஷ்ஷை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

கதவு இப்போது மஞ்சள் நிறம். ஓரத்தில் கொஞ்சம் விட்டிருக்கிறான்.