இரண்டாவது இறால்

பல் டாக்டர் தன் கிளினிக்கை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது, வரவேற்பறையில் இருந்த மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிட நினைத்தார். மீன்களை ஏற்கெனவே ஒரு நண்பரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்க மாதம் ஒருமுறை வரும் மெக்கானிக், வேலை முடிந்ததும் கிரீஸ் கையைத் துடைத்தபடி தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவதை அவர் கவனித்திருந்தார். எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவன் யோசிக்காமல் தலையாட்டிவிட்டான். தொட்டியை வீட்டுக் கூடத்தில் இறக்கி வைத்த பிறகுதான், எதற்குத் தலையாட்டினோம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.

வீட்டில் அப்போது அவனும் மாமியாரும் மட்டும்தான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவள். பத்து வாரப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். முப்பத்துநாலு வயதாகியும் எல்லோருக்கும் அவள் ‘பாப்பா’தான். மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக இவர்களோடு இருக்கிறார். மாமியாருக்கும் மருமகனுக்கும் மனஸ்தாபம் எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது, அவ்வளவுதான். ‘அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி மாத்தணுமாம்’, ‘அவருக்குக் காரம் ஒத்துக்கலையாம்’ என்று எல்லாமே பாப்பா வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. இப்போது அவள் இல்லாததால், ‘சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன் மாப்பிள்ளை’, ‘சரிங்க அத்தை’ என்கிற இரண்டே வாக்கியங்களில் நாள் ஓடியது.

டாக்டர் செய்முறையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். கடல் மீன் வளர்ப்பதாக இருந்தால் முதலில் தண்ணீரைப் பழக்க வேண்டுமாம். உப்பைக் கரைத்து, மணல் போட்டு, கடலுக்கடியில் கிடந்த ஓட்டைக் கல் நாலைந்து வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு துண்டு பச்சை இறாலை உள்ளே போட வேண்டும். அது அழுகும். அழுகினால் அம்மோனியா வரும். அதைத் தின்ன ஒரு வகை நுண்ணுயிர் வரும். தின்றுவிட்டு நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். அதைத் தின்ன இன்னொரு வகை வந்து நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு மோசமில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் மீன் விட வேண்டும். ஆறு வாரமாவது ஆகும்.

“அதுவரைக்கும் நான் என்ன பண்ணணும் டாக்டர்?”

“ஒண்ணும் பண்ணாதீங்க. அதுதான் கஷ்டம்.”

லிஃப்ட் என்றால் பொத்தானை அமுக்கினால் வரும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கலாம். அழுக வைத்தால் சுத்தமாகும் என்கிற கணக்கு அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் சொன்னபடி செய்தான். குடிநீர் கேன்களில் உப்பைக் கரைத்து ஊற்றினான். ஈரத் தாளில் சுற்றிக் கொடுத்த கடல் கற்களை மீன் கடையிலிருந்து வாங்கி வந்து, இடுக்குகள் இருக்குமாறு அடுக்கினான். ஒரு திங்கட்கிழமை மாலை, தோல் உரித்த இறால் ஒன்றை மணல் மேல் வைத்தான்.

தினமும் வேலை விட்டு வந்ததும் கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்குவான். நிறம் மாறும். அதை அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு நோட்டில் எழுத வேண்டும். மஞ்சளா, பச்சையா, இரண்டும் கெட்டானா என்று ஜன்னலோரம் போய் அரை மணி நேரம் நிற்பான். மூன்றாம் நாள் நிச்சயமாகப் பச்சை. ஐந்தாம் நாள் கரும்பச்சை. அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஏழாம் நாள் பார்த்தால் இறாலைக் காணோம்.

மணலைக் கிளறினான். கல்லைத் தூக்கிப் பார்த்தான். ஃபில்டரைக் கழற்றினான். எங்கும் இல்லை. அதற்குள் அழுகிக் கரைந்துவிடுமா? டாக்டரிடம் கேட்டதற்கு, முழுசாகவா, இருக்காதே என்றார். அம்மோனியா இறங்க ஆரம்பித்தது. இன்னொரு இறால் வைத்தான். மறுநாள் காலையில் அதுவும் இல்லை. இந்த முறை இறாலே இல்லாமல் அம்மோனியா மட்டும் விறுவிறுவென்று ஏறியது. அவனுக்கு மண்டை காய்ந்தது. மூன்றாவதை வைத்தான். இரண்டு நாள் இருந்தது. பிறகு அதுவும் போனது, அம்மோனியாவும் இறங்கியது. நோட்டில் உள்ள எண்களை எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

அன்று பாப்பாவிடம் ஃபோனில் சொன்னான், தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று இருக்கிறதென்று. அவள், ராத்திரி நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டாள். தூங்குகிறேன் என்றான். அடுத்த நாள், வேலையில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். அதற்கடுத்த நாள், கையில் வைத்த பொருளை எங்காவது மறந்து வைக்கிறீர்களா என்று கேட்டாள். இறாலைப் பற்றிச் சொன்னால் இவள் ஏன் தன்னைப் பற்றியே கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அவனுக்குத் தெரியாத கதை ஒன்று இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் போன இரண்டாவது வாரத்திலிருந்தே மாமியாருக்கு மனசு சரியில்லை. மீனே இல்லாத தொட்டிக்கு விளக்குப் போட்டு, மோட்டார் போட்டு, மருமகன் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரைக் குப்பியில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டுகிறார். ஏதோ எழுதுகிறார். சமைக்க வாங்கிய இறாலைத் தொட்டிக்குள் மறந்து வைத்துவிட்டு, நாலு நாள் நாறிய பிறகும் கவனிக்காமல் இருக்கிறார். கேட்டால் மனம் நோகுமோ என்று மாமியார் கேட்கவில்லை. மகளிடம் மட்டும் சொன்னார். மகளோ, அவரே ஏதோ பிராணி இருக்கிறது என்கிறாரே என்று அம்மாவிடம் திருப்பிச் சொன்னாள்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை மத்தியானம், பாப்பா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

“ஒரு டாக்டரைப் பாத்து மனசு விட்டுப் பேசலாமே?”

“பேசினேனே. செவ்வாய்க்கிழமைகூடப் பேசினேன்.”

“பேசினீங்களா? என்ன சொன்னாரு?”

“பயப்படாதீங்க, தானா சரியாயிடும்னாரு. பாதித் தண்ணியை மாத்தச் சொன்னாரு.”

எந்த டாக்டர் என்று அவள் கேட்டாள். பல் டாக்டர் என்றான். ஃபோனை ஸ்பீக்கரில் போடுங்கள், அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றாள். சமையலறையிலிருந்து மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?” என்றாள் பாப்பா. “என்கிட்ட சொன்னதையெல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கோங்க. எனக்கு இங்க பரீட்சை இருக்கு.” ஃபோன் வைக்கப்பட்டது.

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். மருமகன் உட்காரச் சொன்னான். மாமியார் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், அவன் டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொன்னான்: அழுகல், அம்மோனியா, அதைத் தின்பது, தின்றதைத் தின்பது. நோட்டைக் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு சொன்னார்.

“இறாலை நான்தான் எடுத்துப் போட்டேன் மாப்பிள்ளை. நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். நாத்தம் தாங்கல.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வாரமாகக் குட்டையைக் குழப்பியது யாரென்று தெரிந்ததில் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. கேட்டிருக்கலாமே அத்தை என்றான். நீங்களும் சொல்லியிருக்கலாமே என்றார் அவர். இரண்டும் நியாயம்தான்.

“மூணையும் நீங்கதான் எடுத்தீங்களா?”

“மூணா? ரெண்டுதான்.”

“முதல்ல வச்சது, ரெண்டாவது, அப்புறம் மூணாவது.”

“நாறினப்போ ஒண்ணு எடுத்தேன். அப்புறம் போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒண்ணு. நடுவுல ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது.”

அவன் சிரிப்பு நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். கற்களும் மணலும் தெளிந்த தண்ணீருமாக அது சாதுவாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார், அந்த டிக் டிக் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று கேட்டார். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் என்றான் அவன். சூடேறி அணையும்போது அப்படித்தான் சொடுக்கும். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். ஹீட்டர் வலது மூலையில் இருக்கிறது, சத்தம் இடது பக்கத்திலிருந்து வருகிறது என்றார். அவன் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினான். காத்திருந்தார்கள். ‘டிக்.’ இடது பக்கத்துப் பெரிய கல்லின் அடியிலிருந்துதான்.

விளக்கை அணைத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சமைக்க வைத்திருந்த இறாலில் ஒரு சின்னத் துண்டைக் குச்சியில் குத்தி, கல்லருகே பிடித்தான். கை வலித்தது. மாமியார் தரையில் முட்டி போட்டு, கண்ணாடியில் மூக்கு படாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மணல் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு கல்லுக்கும் மணலுக்கும் நடுவிலிருந்து மெல்லிய மீசை இரண்டு நீண்டன. அப்புறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கொடுக்கு ஒன்று. பச்சையா பழுப்பா என்று சொல்ல முடியாத, விரல் நீள உருவம் ஒன்று துண்டைப் பற்றி, ஒரே இழுப்பில் உள்ளே கொண்டு போனது.

“இதுவும் இறால்தானே?” என்றார் மாமியார்.

அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இறாலைத் தின்னும் இறாலை அவன் கேள்விப்பட்டதில்லை.

டாக்டரிடம் சொன்னபோது, அது கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடும் ஒரு வகை இறால், கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றார். இரண்டாவது துண்டை அது வளைக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கும், மிச்சம் உள்ளேயே அழுகி அம்மோனியா ஏறியிருக்கும். அந்த விஷத்தில் அது எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்டதற்கு, அது தனக்கும் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து குப்பியின் நிறத்தைப் பார்ப்பது மாமியாரின் வேலையானது. அவன் அரை மணி நேரம் தவிக்கும் இடத்தில் அவர் ஒரே பார்வையில் “மஞ்சள்” என்று முடித்துவிடுவார். ஆறாவது வாரம் நைட்ரைட் ஏறியது. ஏழாவது வாரம் புதன்கிழமை அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். வியாழனும் அப்படியே. வெள்ளியும் அப்படியே. சாப்பாட்டை இரண்டு முறை பாதியில் பிடுங்கி, ஒருமுறை வேறொருவர் திருடியும் இந்த நுண்ணுயிர்கள் எப்படிப் பிழைத்து வேலையை முடித்தன என்று அவன் டாக்டரைக் கேட்டான். கல்லிலேயே கொஞ்சம் இருந்திருக்கும் என்றார் அவர். பிறகு, “எல்லாத்துக்கும் காரணம் தெரிஞ்சுதான் ஆகணுமா என்ன? மீனை விடுங்க” என்றார்.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு சின்ன மீன்களை வாங்கி வந்தான். பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மெதுவாக விட்டான். ஒன்று நேராக மோட்டாரின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மற்றது தொட்டியின் நடுவில் அசையாமல் நின்றது. எந்தப் பக்கம் போவதென்று அதற்குத் தெரியவில்லை போலிருந்தது.

மாமியாரும் மருமகனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் தொட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

“மாப்பிள்ளை, லிஃப்ட் கயிறு அறுந்துட்டா என்ன ஆகும்?”

ஏன் கேட்கிறீர்கள் என்றான். பாப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஆறு மாடியும் படியேறித்தான் போகிறாராம். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோதும் நாலு மாடி படிதானாம். யாரிடமும் சொன்னதில்லையாம்.

ஒரு கயிறு இல்லை, ஐந்தாறு இருக்கும் என்று அவன் ஆரம்பித்தான். ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கும். எல்லாம் அறுந்தாலும், வேகம் கூடியதும் லிஃப்ட் பெட்டியின் அடியில் இருக்கும் பிரேக் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டாதா என்று கேட்டார். காற்று வர வழி உண்டு என்றான். பதினைந்து வருட வேலையில் இதை இவ்வளவு விவரமாக யாருக்கும் அவன் சொன்னதில்லை. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

“நாளைக்கு எந்தக் கட்டடத்துல வேலை?”

சொன்னான்.

“நானும் வரேன். மேல இருந்து அந்த பிரேக்கைக் காட்டுங்க.”

மேலிருந்து பார்த்தால் பிரேக் தெரியாது. கீழே குழிக்குள் இறங்க வேண்டும், மாமியாரை அங்கே இறக்க முடியாது. அதை எப்படிச் சொல்வதென்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். அவர் நிஜமாகத்தான் கேட்கிறாரா என்றும் தெரியவில்லை. அதற்குள் அவர் எழுந்து, நாளைக்குக் கட்டிக்கொள்ள என்ன புடவை சரியாக இருக்கும் என்று முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டார்.