பத்தாயிரமாவது டப்பா

ஃபோல்கர் அவித்த முட்டையின் தலையைக் கத்தியால் தட்டி எடுத்தபோது கைபேசி கீச்சிட்டது.

சனிக்கிழமை காலை. மேசையில் சூடான சிறு ரொட்டிகளும் வெண்ணெயும் காப்பியும் இருந்தன. எதிரே சில்கே கோப்பையை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தக் கீச்சொலிக்காக அவள் இரண்டு வாரமாகக் காத்திருந்தாள்.

"புது டப்பா!" ஃபோல்கர் எழுந்தேவிட்டான். "பழைய தண்ணி மில்லுகிட்ட. இப்பதான் வெளிய விட்டிருக்காங்க. இன்னும் யாரும் தொடல."

"முட்டை?"

"வந்து சாப்பிடுறேன்."

விளையாட்டு எளிது. ஒருவர் காட்டிலோ சுவரிடுக்கிலோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் புள்ளியை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் காட்டும் வழியில் போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, 'கண்டேன்' என்று இணையத்தில் பதிவார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் ஏறும். ஃபோல்கரின் பெயருக்குப் பக்கத்தில் 9,999 நின்றது. கெர்லிண்டேயின் பெயருக்குப் பக்கத்தில் 9,998. கெர்லிண்டே தபால்காரி. நடை அவளுக்குத் தொழில். வேசர் ஆற்றின் இந்தக் கரையில் பத்தாயிரத்தை முதலில் தொடுவது யார் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் என்றால், டப்பா தேடும் முப்பது பேர்.

இந்த டப்பாவை ஒளித்தவள் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பது ஃபோல்கருக்குத் தெரியாது.

சில்கே புதுப் பெயரில் கணக்குத் தொடங்கியிருந்தாள். 'ஜன்னல் முள்ளெலி' என்று பெயர். அவன் 9,999இல் நிற்கும் நாளில் வெளியிடுமாறு, டப்பாக்களைச் சரிபார்த்து வெளியிடும் தன்னார்வலரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் இப்போது, "நீயும் வர்றியா?" என்று கேட்பான். அவள், "சரி, வர்றேன்" என்பாள். அவ்வளவுதான் திட்டம்.

அவன் பல பைகள் வைத்த உடுப்பை மாட்டிக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தான்.

"நீ வந்தா லேட்டாகும், இல்ல?"

அது கேள்வி அல்ல. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல ஓடினான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சில்கே முட்டையின் மேல் ஒரு சாஸரைக் கவிழ்த்தாள்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் அதே மில்லில்தான் இருவரும் தங்கள் முதல் டப்பாவைத் தேடினார்கள். மழை பெய்தது. இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. "போலாம்" என்று சொல்லிவிட்டு, கால் வலித்து, உடைந்து கிடந்த அரைகல்லின் மேல் சில்கே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளின் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஓர் இடுக்கு இருந்தது. நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. உள்ளே டப்பா. டப்பாவுக்குள் பிளாஸ்டிக் முள்ளெலி ஒன்று. உள்ளே இருக்கும் பொருளை எடுத்தால் ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும் என்பது விதி. ஃபோல்கர் தன் சாவிக்கொத்திலிருந்த பாட்டில் திறப்பானைக் கழற்றி வைத்தான். திரும்பும் வழியெல்லாம் பீர் பாட்டிலைப் பல்லால் திறக்கப் பார்த்தான். முள்ளெலி சமையலறை ஜன்னலில் குடியேறியது. வீடு மாறியபோது அதன் மூக்கு உடைந்தது.

இரண்டு வாரமாக ஜன்னலில் முள்ளெலி இல்லை. அது மில்லின் சுவருக்குள் இருந்தது. ஃபோல்கர் தினமும் அந்த ஜன்னலில் உள்ள தொட்டியிலிருந்துதான் வெங்காயத்தாள் கிள்ளுவான். கவனிக்கவில்லை.

சில்கேவுக்கு அவன் மேல் கோபம் இருந்ததில்லை. எண்ணின் மேல் அவனுக்கு ஏன் அத்தனை ஆசை என்று அவளுக்குத் தெரியும். சமையலறை அலமாரி செய்யும் ஆலையில், சரக்கு அனுப்பும் பிரிவில் அவன் முப்பது வருடம் முடித்தபோது ஒரு குடை கொடுத்தார்கள். டப்பாக்காரர்களின் கூட்டத்திலோ அவன் நுழைந்ததும் நாற்காலி நகரும். "ஆறாயிரம் வந்துடுச்சா?" என்று யாராவது கேட்பார்கள். ஐம்பதைத் தாண்டியவனுக்குச் சம்பளம், தலைமுடி, முழங்கால் எதுவும் ஏறுமுகம் இல்லை. அந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. இறங்கத் தெரியாத எண்.

ஆயிரத்துக்கு அவளே கேக் செய்தாள். ஐந்தாயிரத்துக்குப் பிறகுதான் வயல்வழிப் பாதைகள் வந்தன. கம்பத்துக்குக் கம்பம், கேமரா ஃபிலிம் அடைத்துவரும் சின்ன டப்பா ஒன்று. ஒரே நாளில் நூறு எடுக்கலாம். அங்கே பார்க்கக் கம்பம்தான் இருந்தது. சில்கே ஒருமுறை போனாள். அடுத்த முறை வீட்டில் இருந்தாள். அதற்கடுத்த முறை அவன் கேட்கவில்லை. டப்பாவை ஒளித்தவர் அந்த இடத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படிப்பதையும் நிறுத்தியிருந்தான். "படிச்சிட்டிருந்தா பத்தாயிரம் வராது" என்பான்.

சில்கேயின் கைபேசி அதிர்ந்தது. ஜன்னல் முள்ளெலிக்கு வந்த முதல் பதிவு அது.

'கண்டேன். டப்பாவுக்கு நன்றி.'

ஆறாயிரத்து எத்தனையோ டப்பாக்களின் கீழ் அவன் ஒட்டியிருந்த அதே வரி. பத்து நிமிடத்தில் கெர்லிண்டேயின் பதிவும் வந்தது. 'இரண்டாவது நான். ஃபோல்கர் முந்திவிட்டான், நாசமாய்ப் போக. நன்றி.'

அவன் விசில் அடித்தபடி வந்தான். சில்கே அவன் கையைப் பார்த்தாள். காலி. முகத்தைப் பார்த்தாள்.

"பத்தாயிரம்!" என்றான். "கெர்லிண்டே வண்டிச் சத்தம் கேட்டுச்சு. மயிரிழையில தப்பிச்சேன்."

"டப்பா எப்படி இருந்தது?"

"டப்பா எல்லாம் ஒண்ணுதான், சில்கே." முட்டையின் மேலிருந்த சாஸரை எடுத்தான். "ஆறிப்போச்சு."

மதியம் அவன் தூங்கும்போது அவள் சைக்கிளில் மில்லுக்குப் போனாள். சுவரில் படர்ந்த கொடிக்குள் ஒரு கறுப்பு ஃபிலிம் டப்பா செருகியிருந்தது. மூடியில் பச்சை நாடா. ஃபோல்கர் இவற்றை மூட்டையாக வாங்கி, நாடா ஒட்டி, உள்ளே தாள் சுருட்டி, உடுப்புப் பைகளில் நிரப்பிவைத்திருப்பான். எங்காவது டப்பா காணாமல் போயிருந்தால், அதன் இடத்தில் ஒன்றைச் செருகி, அதிலேயே பெயர் எழுதி, கண்டதாகப் பதிந்துகொள்வான். இந்தப் பழக்கம் பலருக்கு உண்டு. யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அவள் அரைகல்லில் உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே இடுக்கு. அவள் வைத்த டப்பா வைத்தபடியே இருந்தது. மூடியைத் திறந்ததும் முள்ளெலி மூக்கில்லாமல் அவளைப் பார்த்தது.

ஃபிலிம் டப்பாவை மட்டும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ஒளித்தவருக்கு இந்த விளையாட்டில் ஓர் அதிகாரம் உண்டு. பொய்ப் பதிவை நீக்கலாம். கைபேசியை எடுத்தாள். மறுபடி உள்ளே வைத்தாள். நாளைவரை பார்க்கலாம். அவனாகச் சொன்னால் நல்லது.

அவன் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் ஊவேயின் படகுத்துறை உணவகத்தில் கூட்டம். ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு சூப். நடு மேசையில் கேக். அதன் மேல் மெழுகுவத்தி எண்கள்: ஒன்று, பிறகு நான்கு பூஜ்ஜியங்கள். ஊவே மடிக்கணினியைத் திரையில் இணைத்து ஃபோல்கரின் பக்கத்தைத் திறந்துவைத்திருந்தான். 10,000 என்று ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

"வந்துட்டாருய்யா மகாராஜா!"

"இவருக்கு இனிமே சூப்பு தங்கக் கிண்ணத்துல குடுக்கணும்."

கெர்லிண்டே கையை நீட்டினாள். "வாழ்த்துகள். நீ தூங்கும்போது உன் டயர்ல காத்தப் பிடுங்கிவிட்டிருக்கணும், தப்பு பண்ணிட்டேன்."

ஊவே கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டினான். "பேசுப்பா. பத்தாயிரமாவது டப்பா எப்படி இருந்துச்சு?"

ஃபோல்கர் எழுந்தான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். இப்போது சிவந்தது.

"அருமையான டப்பா. அருமையான இடம். ரொம்ப யோசிச்சு வச்சிருக்காங்க." எல்லாரும் இன்னும் எதிர்பார்த்தார்கள். அவன் மேலும் ஒரு வரி தேடினான். "சில்கே மட்டும் கூட வந்திருந்தா, அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்."

மேசைக்கு அடியில் சில்கேயின் கட்டைவிரல் கைபேசியை இரண்டு முறை தொட்டது.

"படம் எடுக்கலாம்!" ஊவே கணினியைப் புதுப்பித்தான். "எல்லாரும் எண்ணுக்குக் கீழ வாங்க. ஃபோல்கர், நடுவுல நீ... இது என்னப்பா?"

திரையில் 9,999.

"மறுபடி அழுத்து," என்றான் ஃபோல்கர்.

ஊவே அழுத்தினான். 9,999.

"என்னோடதும் ஒண்ணு கொறஞ்சிருக்கு!" கெர்லிண்டே தன் கைபேசியை ஆட்டினாள். "என் பட்டியல்ல மில்லு டப்பாவைக் காணோம். பதிவ நீக்கிட்டாங்க!"

"யாரு நீக்கினது? யாரு அந்த டப்பாக்காரன்?" ஃபோல்கர் திரைக்கருகே போய்ப் படித்தான். "ஜன்னல் முள்ளெலி. யாருய்யா இந்த ஜன்னல் முள்ளெலி? தைரியம் இருந்தா இங்க வரச் சொல்லு!"

சில்கே கரண்டியை உயர்த்தினாள்.

"வந்துதான் உக்காந்திருக்கேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. சில்கே கோட்டுப் பையிலிருந்து ஃபிலிம் டப்பாவை எடுத்து சூப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கெர்லிண்டே மூடியிலிருந்த பச்சை நாடாவைப் பார்த்தாள். "இதுலதான் நான் கையெழுத்துப் போட்டேன். ஃபோல்கர், இது உன்னோடதில்ல?"

"காணாமப் போயிடுச்சுன்னு நெனச்சேன். அதுக்குப் பதிலா வச்சா, வச்சவங்களுக்கும் உதவிதானேன்னு..."

"வெளிய விட்டு ஒரு மணி நேரம் ஆகாத டப்பா எப்படிய்யா காணாமப் போகும்?" என்றான் ஊவே.

சிரிப்பு வெடித்தது. ஃபோல்கர் சிரிக்கவில்லை. அவன் சில்கேயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் முள்ளெலி என்று உதடு அசைந்தது. நினைவில் ஜன்னலைத் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. தொட்டி, வெங்காயத்தாள், பக்கத்தில் காலி இடம்.

"எவ்வளவு நாளா அது அங்க இல்ல?" என்றான் மெதுவாக.

"ரெண்டு வாரமா."

ஊவே கேக்கிலிருந்து மெழுகுவத்தி எண்களைப் பிடுங்கி அவன் கையில் திணித்தான். "உன் பேருக்கு வாங்கினது. நீயே வச்சுக்க. கேக்க நாங்க பாத்துக்கறோம்."

சில்கே கார் சாவியை எடுத்தாள். "வா."

மில்லில் தூறல் பிடித்திருந்தது. ஃபோல்கர் சுவரைத் தடவினான், கொடியை விலக்கினான், கல் கல்லாக அசைத்துப் பார்த்தான். சில்கே ஓரமாக நின்றாள்.

"நான் எழுதியிருந்ததப் படிச்சியா?"

"என்ன எழுதியிருந்த?"

"'முதல் தடவை மாதிரியே.' அவ்வளவுதான். ஒரே வரி."

அவன் கையை எடுத்தான். சுற்றிலும் பார்த்தான். அரைகல்லைக் கண்டான். முழங்கால் சொடுக்க உட்கார்ந்தான். பிறகு கையை நேரே நீட்டி இடுக்குக்குள் விட்டான்.

"இந்த டப்பாவத்தானே அடுக்களை பூரா தேடிட்டிருந்தேன்?"

"திற."

முள்ளெலி அவன் உள்ளங்கையில் நின்றது. அவன் கட்டைவிரலால் அதன் உடைந்த மூக்கைத் தடவினான்.

"நேத்து இங்க எட்டு நிமிஷம் நின்னேன். இது அந்த மில்லுன்னுகூட எனக்குத் தோணல, சில்கே. புள்ளியத்தான் பாத்தேன்."

"தெரியும்."

"என்னைத் திட்டேன்."

"தள்ளி உக்காரு."

கல்லில் இருவருக்கு இடம் இருந்தது. கீழே பாதையில் ஒரு சிவப்பு கார் வந்து நின்றது. கெர்லிண்டே குடையோடு ஏறி வந்தாள்.

"குடும்ப விஷயம் முடிஞ்சுதா? எனக்கும் ஒண்ணு குறையுது, சொல்லிட்டேன்."

"நில்லு. நான் எழுதி முடிக்கறேன்."

"நீயா? மூணு சொல்லுக்கு இவ்வளவு நேரமா?"

ஃபோல்கர் தாளில் பெயர் எழுதினான். கைபேசியில் நிறைய எழுதினான். அழித்தான், மறுபடி எழுதினான். முள்ளெலியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஐந்து மெழுகுவத்தி எண்களையும் டப்பாவுக்குள் போட்டான்.

கெர்லிண்டே எட்டிப் பார்த்தாள். "எடுத்ததுக்கு ஈடா வைக்கணும்கிறது விதி. இது ஈடாகுமா?"

"ஆகாது," என்றான் ஃபோல்கர். "ஆனா எங்கிட்ட இருந்தது இதுதான்."

சில்கேயின் கைபேசி அதிர்ந்தது. அவள் அதை எடுத்து உரக்கப் படித்தாள்.

'கண்டேன், இரண்டாவது முயற்சியில். முதல் முயற்சியில் பொய் சொன்னேன். இடங்களைப் பார்க்கத்தான் இந்த விளையாட்டுக்கு வந்தோம். எத்தனை பார்த்தோம் என்று நினைவு வைக்கத்தான் எண்ணினோம். எண்ணுவதற்காகவே தேடத் தொடங்கினால் டப்பா கிடைக்கும். கூட நடந்து வந்தவர் தொலைந்துபோவார். தொலைந்தது தெரியவும் தெரியாது. புதிதாக வருபவர்கள் எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் யார் வருகிறார் என்று பாருங்கள்.'

தூறல் இலைகளில் விழும் சத்தம் கேட்டது. கெர்லிண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"இதையும் நீக்கிடுவியா?" என்றான் ஃபோல்கர்.

"வீடு வரைக்கும் நடந்து வா," என்றாள் சில்கே. "யோசிச்சுச் சொல்றேன்."

யாரையாவது விட்டு வண்டியை வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லி, கார் சாவியை அவள் கெர்லிண்டேயிடம் கொடுத்தாள்.