ஜானகி வீட்டுச் சாப்பாடு

பச்சைமுத்து வேலை முடிந்து வந்து "பசியில்ல" என்று சொல்லத் தொடங்கிய நாளிலிருந்துதான் சரசுவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அடுகோடிப் பேட்டையின் லேத்துப் பட்டறையில் நாள் முழுக்க நின்று இரும்பைக் கடைகிற மனுஷனுக்கு விளக்கு வைத்த பிறகும் பசி இல்லை என்றால் என்ன அர்த்தம்? வேறெங்கோ தின்றுவிட்டு வருகிறான் என்று அர்த்தம். அது புரியாமல் இருக்க அவள் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை.

எங்கே என்று கண்டுபிடிப்பதும் பெரிய காரியமாக இல்லை. இரண்டு தெரு தள்ளி ஜானகி என்ற விதவை தன் வீட்டுக் கூடத்திலேயே பட்டறை ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். ராகிக் களியும் கீரைச் சாறும்தான். இதில்தான் சரசுவுக்கு ஆறவே இல்லை. வீட்டில் களி கிண்டினால் காய்ச்சல்காரனைப் போல முகத்தைச் சுளிக்கிறவன், அங்கே போய் அதே களியை உருட்டி உருட்டி விழுங்குகிறானாம்!

"ஏன், எங்கையால போட்டா கசக்குதா?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"சங்கத்து ஆளுங்களோட சாப்டேன். அத்தோட வுடு. எல்லாத்தையும் கேட்டுக்கினு போய் கொழாயடியில கொட்றதுக்கா?"

மறுநாள் சாயங்காலம் சரசு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜானகி வீட்டு எதிர்ச் சந்தில் போய் நின்றாள். கூடத்தில் ஆண்கள் வரிசையாகத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஜானகி குனிந்து சாறு ஊற்றியபடி ஏதோ சொன்னாள். பச்சைமுத்து சிரித்தான். வாய் விட்டு, தோள் குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கல்யாணமான புதிதில் அவள் பார்த்தது. அதன் பிறகு அது எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தாள், இங்கே இருந்திருக்கிறது. வரிசையில் மற்றவர்களும் இருந்தார்கள், யாரும் அவசரமாகச் சாப்பிடவில்லை, தட்டைத் தொடாமலே குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அது. எங்கோ ஒரு ரயில் பாலத்தின் அடியில் யாரோ வெடி வைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. சங்கம் என்று சொன்னாலே போலீஸ் முறைத்தது. ஐந்து பேருக்கு மேல் கூட்டம் போடக் கூடாது என்று தடை இருந்தது. சாதாரண உடுப்பில் திரிந்த போலீஸ்காரர்கள் டீக்கடையில், சலூனில், பீடிக்கடையில் எல்லாம் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் கோவிந்தப்பா என்பவன் குழாயடிக்கு வந்தான். தான் ஸ்டேஷன் ஆள் என்பதை அவன் மறைக்கவும் இல்லை.

"இன்னாமா, நிம்ம யஜமானரு சாயந்திரம் ஆனா எங்க போறாரு?" என்று கன்னடம் கலந்த தமிழில் அவள் புருஷனைப் பற்றி விசாரித்தான்.

தண்ணீர் வரிசையில் நின்று நின்று சலித்துப் போயிருந்த சரசுவுக்கு, கேட்க ஒரு ஆள் கிடைத்தது.

"எங்க போவாரு? அந்த ஜானகி வூட்டுக்குத்தான். தெனம் அங்கதான் வுழுந்து கெடக்கறாரு. அவ என்னா மருந்து வெச்சாளோ தெரியல. நீங்க போலீஸ்தானே? அவள ரெண்டு மெரட்டு மெரட்டக் கூடாதா?"

கோவிந்தப்பா சிரித்தான். "மெரட்டிட்டாப் போச்சு. யோசனை மாட பேடம்மா, கவலையே வாணாம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனான்.

அந்த வாரம் முடிவதற்குள் விடிகாலையில் ஜீப் வந்தது. மிரட்டப்பட்டது ஜானகி இல்லை. பச்சைமுத்துவைச் சட்டைகூடப் போட விடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சங்கத்துக்காரர்கள் பிடித்துக் கொடுத்த வக்கீல் சேஷகிரி, தலை நரைத்த நிதானமான மனிதர். அவருடைய ஆபீஸில் ஒரு பெஞ்சின் இந்த முனையில் சரசுவும் அந்த முனையில் ஜானகியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது கேஸே இல்லம்மா, தடுப்புக் காவல். கோர்ட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. ஒரு வருஷம் வரைக்கும் வெச்சிருக்கலாம்" என்றார்.

"அவரு இன்னா தப்பு பண்ணாரு சாமி?"

"பண்ணாருன்னு சொல்லலை. பண்ணக்கூடும்னு சொல்றாங்க."

"பண்ணக்கூடும்னு புடிக்கறதுன்னா ஊர்ல ஒருத்தரும் வெளிய இருக்க முடியாதே!"

சேஷகிரி மறுக்கவில்லை. சர்க்கார் சொல்லும் காரணம் ஒன்றுதான் என்றார்: பச்சைமுத்து தினமும் ஜானகி வீட்டில் ரகசியக் கூட்டம் நடத்தினான், அங்கே நாசவேலைக்குத் திட்டம் போட்டார்கள். யார் சொன்னது என்று கேட்க முடியாது, பொதுநலன் கருதி அதைச் சொல்ல மாட்டார்கள்.

யார் சொன்னது என்று அந்த அறையில் சரசுவுக்கு மட்டும்தான் தெரியும்.

"கூட்டம்னா கூட்டந்தான்" என்றாள் ஜானகி மெதுவாக. "கூலி ஒசத்திக் கேக்கறதப் பத்திப் பேசுவாங்க. அஞ்சு பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு தடை இருந்திச்சில்ல? சாப்புட ஒக்காந்தா எவன் தடுப்பான்? அதுக்குத்தான் எல்லாரும் தட்டு முன்னாடி ஒக்காருவாங்க. போலீசு எட்டிப் பாத்தா எல்லாரும் சாப்புட்டுக்கினு இருக்கணும். பாவம், உங்க வூட்டுக்காரருக்கு களி எறங்கவே எறங்காது. கண்ண மூடிக்கினு முழுங்குவாரு. அதச் சொல்லித்தான் நானு கிண்டல் பண்ணுவேன்."

இதைக் கேட்டதும் சரசுவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, கூடவே, தன் புருஷனுக்குக் களி இறங்காது என்பதை இன்னொருத்தி சொல்லி தான் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலும் வந்தது.

சேஷகிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவனை விடலாமா கூடாதா என்று பார்க்க ஆலோசனைக் குழு என்று மூன்று பேர் உட்காருவார்கள், வக்கீலை உள்ளே விட மாட்டார்கள், ஆனால் பெண்டாட்டி சொல்வதைக் கேட்கச் சம்மதித்திருக்கிறார்கள் என்றார். "அந்த வீட்டுக்கு அவர் தினம் போனதை மறைக்க முடியாது. எதுக்குப் போனார்ங்கிறதுதான் கேள்வி. கூட்டத்துக்குப் போகலை, வேற விஷயத்துக்காகப் போனார்னு பெண்டாட்டியே வந்து அழுதா நம்புவாங்க. பொய்தான். நான் சொல்லிக் கொடுத்தேன்னு வெளியில வந்தா என் கறுப்புக் கோட்டைக் கழட்டிடுவாங்க."

ஜானகிதான் முந்திக்கொண்டாள்.

"சொல்லிடு சரசக்கா. எம் பேரு கெட்டா கெடட்டும். அவரு வெளிய வந்தாப் போதும்."

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். புருஷன் இல்லாதவளுக்குப் பேர் ஒன்றுதான் சொத்து. அதைப் போட்டால் நாளைக்கு அவள் வீட்டுப் படியை எவனும் மரியாதையாக மிதிக்க மாட்டான். அதை இப்படித் தூக்கிக் கொடுக்கிறாள் என்றால்? சரசு அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று இப்போதுதான் ஆறிய வயிறு மறுபடி பற்றிக்கொண்டது.

குழு உட்கார்ந்த அறையில் பெரிய மேஜை இருந்தது. அதற்குப் பின்னால் மூன்று பேர். ஒரு பக்கம் கோவிந்தப்பாவும் அவனுடைய மேலதிகாரியும். இன்னொரு பக்கம் இளைத்துப் போய் பச்சைமுத்து. சரசுவுக்கு அழுவதற்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஜானகியைப் பற்றி மாதக்கணக்கில் மனசுக்குள் வைத்துப் புழுங்கியதை எல்லாம் கொட்டினாள். பொய் சொல்கிறோம் என்ற கூச்சமே இல்லாமல் சரளமாக வந்தது.

நடுவில் இருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப புருஷனைக் காப்பாத்தறதுக்காக இதைச் சொல்றே. எப்படி நம்பறது?" என்றார்.

சரசுவிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் பச்சைமுத்துவின் முகத்தில் இனி விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவன் வீட்டுக்கு வர முடியாது.

"இப்ப சொல்லல சாமி" என்றாள். "இவரப் புடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அதோ நிக்கறாரே, அவருகிட்டதான் கொழாயடியில சொன்னேன். அவள மெரட்டச் சொல்லித்தான் சொன்னேன். கேட்டுப் பாருங்க."

பெரியவர் திரும்பினார். கோவிந்தப்பா மேலதிகாரியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "சொன்னது உண்மைதான் சார். பொம்பளை கோபத்துல பேசினான்னு அந்தப் பாகத்தை ரிப்போர்ட்டுல நாங்க சேக்கலை" என்றான்.

பச்சைமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தான். "நீயா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"என்னப்பா, உன் சம்சாரம் சொல்றது நிஜந்தானா?" என்றார் பெரியவர். குரலில் இளக்கம் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், விட்டுவிடுவார் என்று சரசுவுக்கே தெரிந்தது. ஆட்டு, ஆட்டு என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"இல்லீங்க" என்றான் பச்சைமுத்து. "அந்தம்மாவப் பத்தி அப்படிச் சொல்றது பாவம். நாங்க கூட்டந்தான் போட்டோம். கூலி பத்திப் பேசனோம். வெடியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. பேசனதுக்கு உள்ள வைப்பீங்கன்னா வைங்க. அந்தம்மா பேர இதுல இழுக்காதீங்க."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தடையை மீறிக் கூட்டம் போட்டதை அவனே ஒப்புக்கொண்ட பிறகு அவர் என்ன செய்வார்? அவனை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

வாசலில் அவளைக் கடக்கும்போது பச்சைமுத்து ஒரு நொடி நின்றான். காறித் துப்புவான், குறைந்தபட்சம் ஒரு வசவாவது வரும் என்று சரசு காத்திருந்தாள்.

"ஜானகிகிட்ட சொல்லிடு. சாப்பாட்ட நிறுத்த வேணாம்னு சொல்லு" என்றான். அவ்வளவுதான். போலீஸ்காரன் அவன் தோளைத் தொட்டு நடத்திக்கொண்டு போனான்.

வெளியே வேப்பமரத்தடியில் ஜானகி காத்திருந்தாள். சரசுவைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"வுட்டுட்டாங்களா?"

"இல்ல. நான் சொன்னேன். அவருதான் இல்லேன்னுட்டாரு. உம் பேரு கெடக் கூடாதாம். அதுக்கு ஜெயில்லயே கெடக்கறாராம்."

ஜானகி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சரசு நின்று பார்த்தாள். அவர்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. அது இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. எதுவும் நடக்காமலேயே ஒருத்திக்காக ஒருத்தன் ஒரு வருஷம் உள்ளே இருக்கச் சம்மதிப்பான் என்றால், அதை எந்தப் போலீஸ்காரனிடம் போய்ச் சொல்வது? தனக்காக அவன் இதைச் செய்வானா என்று கேட்டுப் பார்க்கவும் இனி வழியில்லை. அந்த வழியைக் குழாயடியில் அவளே அடைத்துவிட்டாள்.

ஜானகி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வேற எதுனா சொன்னாரா அக்கா? சங்கத்து ஆளுங்க கேப்பாங்க. எனக்கு எதுனா சொல்லச் சொன்னாரா?"

சரசு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணும் சொல்லல" என்றாள்.