கைதட்டிய படம்

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சோலையம்மாள் தன் ஸ்கூட்டியை மூன்று தடவை துடைத்துவிட்டாள். துணியைக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், கைப்பிடிக்கு மேலிருந்த கண்ணாடியில் மறுபடியும் தூசி தெரிந்தது. முந்தானையால் அதையும் துடைத்தாள். திருநகரில் அறுபத்திரண்டு வயதில் வண்டி பழகியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பெண்களுக்கு மட்டும் வண்டி சொல்லிக்கொடுக்கிற சத்யப்ரியா இரண்டு மாதம் மைதானத்தில் பின்னாலேயே ஓடிவந்து பழக்கினாள். "சக்கரத்தப் பாக்காதீங்கம்மா, தூரமாப் பாருங்க" என்று தொண்டை கட்டுமளவுக்குக் கத்தினாள். விழுந்து முழங்கால் தேய்ந்தது, எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கடைசியில் லைசென்ஸும் வந்துவிட்டது. புருஷன் சிவனாண்டி இருந்தவரை பால் பாக்கெட் வாங்கப் போவதற்கும் கேட்டுக்கொண்டுதான் போவாள். அவர் போய் மூன்று வருஷம். இனி இருக்கிற கொஞ்ச காலத்தையும் சுவரைப் பார்த்துக்கொண்டு கழிக்க முடியாது என்று ஒருநாள் அவளுக்கே தோன்றியது. அவ்வளவுதான்.

இன்று மகள் முனீஸ்வரி வருகிறாள். திண்டுக்கல்லில் ஒரு ஆபீசில் வேலை, தனியாக வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலமே கிளம்பிவிடுவாள். இந்தத் தடவை அவளிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவள் சம்மதித்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் விட வேண்டும். ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுவதுகூட சோலையம்மாளுக்குப் பெரிதில்லை. அந்த ஒன்றைச் சொல்லத்தான் பயமாக இருந்தது.

மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டு முடித்து முனீஸ்வரி டீவியைப் போட்டாள். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சோலையம்மாளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் சிவனாண்டியோடு கொட்டகையில் பார்த்த படம். பணக்காரப் பெண், குட்டை முடி, கறுப்புக் கண்ணாடி, தானே கார் ஓட்டிக்கொண்டு வருவாள். பழைய படத்தில் ஒருத்தி கார் ஓட்டினாள் என்றால் இடைவேளைக்குப் பிறகு அவளுக்கு அடி நிச்சயம். இதிலும் மாடிப்படியில் வைத்துப் புருஷன் ஓங்கி ஒரு அறை விடுவான். அன்று கொட்டகையே விசிலடித்தது. பெண்கள் பக்கமும் கைதட்டினார்கள். பத்தொன்பது வயது சோலையம்மாளும் உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். அறை வாங்கியவள் அடுத்த காட்சியில் சேலையைப் போர்த்திக்கொண்டு புருஷனுக்குச் சோறு போடுவாள். முன்னைவிட அழகாகத்தான் இருப்பாள். சிவனாண்டி கை நீட்டிய நாட்களில் அவளை நினைத்துத்தான் சோலையம்மாள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். முனீஸ்வரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தப் படத்தைக் கதையாகச் சொல்லி, கைதட்டியதையும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், கட்டிக்கொடுத்த உசிலம்பட்டியிலிருந்து முனீஸ்வரி இடது கன்னத்தில் நாலு விரல் பதிய வந்து வாசலில் நின்றாள். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை வெறுங்கையோடு திருப்பிக் கூட்டிப்போனால் ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். பலகாரத்தோடு போனால் விருந்துக்கு வந்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொள்ளும். அவர்கள் பக்கத்து அம்மாக்களின் கெட்டிக்காரத்தனம் அது. மறுநாள் விடிந்ததும் சோலையம்மாள் ஒரு தூக்குச்சட்டி நிறைய முறுக்கு சுட்டாள். மகளின் கன்னத்துக்குத் தன் கையாலேயே பவுடர் போட்டுவிட்டாள்.

"கட்டுனவன் அடிச்சத வெளிய சொல்லக் கூடாது தாயி. வாக்கப்பட்ட வீடுதான் பொம்பளைக்குக் கோயிலு" என்றாள்.

அது அவளுடைய பேச்சே இல்லை. படங்களில் அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசுகிற பேச்சு. அந்த நேரத்துக்கு வேறு பேச்சு அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. முனீஸ்வரி அம்மாவோடு பஸ் ஏறினாள். எட்டு வருஷம் அங்கே இருந்தாள். அதற்குப் பிறகு அம்மா வீட்டு வாசலில் ஒரு தடவைகூட அப்படி வந்து நிற்கவில்லை. தானாகவே வெளியேறி, வேலை தேடிக்கொண்ட பிறகுதான் போனில் சொன்னாள். அவளுக்கு இடது காது கேட்காது என்பதே சோலையம்மாளுக்கு அதற்கப்புறம்தான் தெரியும்.

டீவியில் மாடிப்படி வந்துவிட்டது.

"சேனல மாத்து முனீசு."

"இருக்கட்டும்மா. நீ கைதட்டுன படம்தான."

அவன் கையை ஓங்கினான். இத்தனை வருஷமாகப் பார்க்காத ஒன்றைச் சோலையம்மாள் இப்போது பார்த்தாள். கை வந்து விழுவதற்கு முன்பே அந்த நடிகை கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். சோலையம்மாள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் முனீஸ்வரியும் கண்ணை மூடியிருந்தாள்.

சோலையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மகளைச் சுற்றிக்கொண்டு போய் அவளது வலது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கி ஒன்னையக் கொண்டுபோயி விட்டுருக்கக் கூடாது தாயி. நான் செஞ்சது பெரிய தப்பு."

முனீஸ்வரி டீவியை நிறுத்தினாள்.

"அந்த முறுக்க அந்த வீட்ல யாரும் தொடலம்மா" என்றாள். "நாந்தான் தின்னேன். ஒரு நாளைக்கி ஒண்ணு. தீந்ததும் சட்டியக் கழுவி வாசல் பக்கமா வச்சிருந்தேன். அத வாங்கிட்டுப் போகவாச்சும் நீ வருவேன்னு."

சோலையம்மாள் போகவில்லை. போகவேண்டாம் என்று சிவனாண்டி சொன்னார். ஒரு சட்டிதானே என்று அவளும் இருந்துவிட்டாள். இப்போது அழுகைதான் வந்தது. முனீஸ்வரி தடுக்கவும் இல்லை, சேர்ந்து அழவும் இல்லை. உள்ளே போய்ப் பாத்திரங்களை விளக்கிவைத்தாள்.

ஐந்து மணிக்குப் பையை எடுத்தபோது சோலையம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "ஸ்டாப் வரைக்கும் வண்டில கொண்டாந்து விடவா?"

முனீஸ்வரி ஸ்கூட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "விழுந்துற மாட்டியே" என்று கேட்டுவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கை அம்மாவின் தோளுக்கு வரவில்லை. பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று தூக்குச்சட்டியோடு இரண்டு பேரும் நின்று ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் ஏறிய அதே ஸ்டாப்தான். அதற்குப் போகும் தெருவில் ஒரு வேகத்தடை உண்டு. தூரமாகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தும் சோலையம்மாள் கண்ணாடியைப் பார்த்தாள். தடை கிட்டே வர வர, முனீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

சோலையம்மாள் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. அவள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, வண்டியை நடத்தியே தடைமேல் ஏற்றி, குலுங்காமல் அந்தப் பக்கம் இறக்கினாள். நிமிர்ந்து மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். முனீஸ்வரி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.