ஜன்னலுக்கு வெளியே

மஹாலா வெறுங்கையோடு வந்தாலும் வெறும் வாயோடு வரமாட்டாள். அன்றும் ரோடாவின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, தொப்பியின் நாடாவைத் தளர்த்துவதற்குள் தொடங்கிவிட்டாள்.

"ஓடையோர வீட்ல அத்தனை பிள்ளைங்களுக்கும் அம்மை. ஜெஸியோட பன்னி மறுபடி வேலியைப் பிச்சுட்டு ஓடி, மெதடிஸ்ட்காரங்க கல்லறைத் தோட்டத்தைக் கிளறிடுச்சாம். சபை மாறிப் போனாலும் பன்னியை மட்டும் யாரும் விசாரிக்க மாட்டாங்க, பாரு!"

கூட வந்திருந்த இளம்பெண் அசெனத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ரோடாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒஹாயோவின் அந்தக் குன்றுகளில் குவேக்கர் சபையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டுக்கு வந்தால், அது பன்றிக் கதை சொல்ல அல்ல.

அறுவடை முடிந்த கையோடு ரோடாவின் மகள் டேசி, வண்டிச் சக்கரம் செய்யும், வேறு சபையான மெதடிஸ்ட் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். பாதிரியாரே வைத்துக்கொள்ளாத குவேக்கர்களுக்கு ஆகாத, பாதிரியார் வந்து நடத்திவைத்த கல்யாணம். டேசியின் பெயரைச் சபை நீக்கிவிட்டது. அப்படிப்பட்ட கல்யாணத்துக்குப் பெற்றவர்கள் போயிருந்தால் அவர்கள் பெயரும் போகும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

மஹாலா பேச்சை நிறுத்தினாள். கண்ணை மூடினாள். கேள்விக்கு முன்னால் எல்லோரும் மௌனமாக இருப்பது சபை வழக்கம். மூலையில் சேணம் தைத்துக்கொண்டிருந்த ரோடாவின் கணவன் ஈனாஸும் ஊசியை நிறுத்தினான். கெட்டில் மட்டும் முணுமுணுத்தது.

அந்த மௌனத்தில் ரோடாவுக்கு மழைச் சத்தம் கேட்டது. கல்யாணத்தன்று வெண்ணெய் விற்கப் போன வழியில், மாப்பிள்ளை வீட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினாள். கூரை இறவாரத்தின் கீழ், ஜன்னலோரம் நின்றாள். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்: நாளைக்கு யாராவது கேட்டால், அந்த வீட்டுக்குள் நான் இல்லை என்று சொல்லலாம். பொய் ஆகாது. பிறந்ததிலிருந்து ஒரு பொய்கூடச் சொல்லாதவள் உண்மைக்குள்ளேயே ஒரு சந்து கண்டுபிடித்திருந்தாள்.

பாதிரியார் படித்துக்கொண்டிருக்கும்போதே டேசி திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். உள்ளே வா என்று விரலை அசைத்தாள். ரோடா தலையை ஆட்டி மறுத்தாள். டேசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு கடைத்தெருவில் ஒருநாள் எதிரே வந்தவள், "நல்லாருக்கியாம்மா" என்று கேட்டாள், பதிலுக்கு நிற்கவில்லை.

"ரோடா, கேட்டுட்டு வரச் சொல்லி அனுப்பிருக்காங்க," என்றாள் மஹாலா. "டேசி கல்யாணம் நடந்த வீட்டுக்குள்ள நீ இருந்தியா?"

"இல்ல."

மஹாலாவின் தோள்கள் இறங்கின. "எனக்குத் தெரியாதா! சபையிலதான் நச்சரிச்சாங்க. சரி, வந்ததுலேருந்து அந்த இஞ்சிக் கேக்கு என்னையே பாத்துட்டிருக்கு. வெட்டுடி."

ஈனாஸின் ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் எவ்வளவு பயந்திருந்தான் என்பது அந்தச் சத்தத்தில்தான் ரோடாவுக்குத் தெரிந்தது. கத்தியை எடுத்தாள். ஒரு கீறல் போட்டாள். அதற்குமேல் கை போகவில்லை.

"ஜன்னலுக்கு வெளியே நின்னேன்."

"என்னது?"

"கல்யாணம் முடியுற வரைக்கும் மழையில நின்னேன். 'உள்ள இல்ல'ன்னு உன்கிட்ட சொல்றதுக்காகவே வெளியே நின்னேன்."

"உன்னை யாருடி அதைக் கேட்டா?" மஹாலாவின் குரல் உடைந்தது. "கேட்டதுக்குப் பதில் சொன்னே. வாயை மூடிட்டுக் கேக்கை வெட்ட வேண்டியதுதானே!"

மஹாலாவே மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி, வழியில்லாம இல்ல. செஞ்சதுக்கு வருத்தப்படுறேன்னு எழுதிக் குடு. என் தம்பி குடிச்சதுக்கு வருஷா வருஷம் எழுதிக் குடுக்குறான். சபையும் மன்னிச்சுட்டுதான் இருக்கு."

"வருத்தம் இருக்கு மஹாலா."

"அப்பாடா!"

"உள்ள போகாததுக்கு."

மஹாலா தொப்பி நாடாவைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். அசெனத் வாசலுக்குப் போய்விட்டாள். "இதை நான் கூட்டத்துல அப்படியே சொல்லியாகணும்."

"அப்படியே சொல்லு. என்மேல இரக்கப்பட்டு எதையும் குறைச்சிடாதே."

கதவு மூடியபின் ஈனாஸ் சேணத்தைக் கீழே வைத்தான்.

"வர்ற கூட்டத்துல உன் பேரை நீக்கிட்டதை ஆம்பளைங்க பக்கம் எழுத்தரா இருக்கிற நான்தான் வாசிக்கணும்."

"தெரியும்."

"வாசிச்ச பிறகு கூட்டத்துக்கு நீ வரமுடியாது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பொம்பளைங்களோட நீ இருக்கேன்ற தைரியத்துலதான் ரோடா, நான் அங்க எழுந்து பேசுறதே."

ரோடா கேக்கை ஒரு துணியில் வைத்து நான்கு மூலையையும் சேர்த்து முடிந்தாள்.

"அன்னிக்கு அவ என்ன போட்டிருந்தா?" என்று கேட்டான் ஈனாஸ், தரையைப் பார்த்தபடி.

"நீலம். கழுத்துல லேஸ்."

"லேஸா." சபையின் சாம்பல் நிற உடுப்பில் மட்டுமே மகளைப் பார்த்திருந்த மனிதன் அந்த ஒரு சொல்லை வெகுநேரம் வாயில் வைத்திருந்தான். பிறகு, "வண்டி பூட்டவா?" என்றான்.

"நீ வரியா?"

"பாலம் வரைக்கும் வரேன்."

பாலத்துக்கு அப்பால், டேசியின் வீடு வரை அவள் தனியாகத்தான் நடக்கவேண்டும். தட்டினால் டேசி திறப்பாளா என்று தெரியவில்லை. எப்படியானாலும் ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டு ரோடா சால்வையை எடுத்தாள்.